அப்பன் வீட்டுக் கரண்டு

டிரைவிங் மாஸ்டரின் வலது காலுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வந்தவர் எதிரே லாரியைப் பார்த்ததும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொள்ளும்போது, இரண்டு உயிரையும் காப்பாற்றுவது அந்தக் கால்தான். அடுத்தவர் ஓட்டுகிற வண்டிக்கு வருஷக்கணக்கில் பிரேக் போட்டுப் பழகியதில், வண்டியில் இல்லாத நேரத்திலும் அது பிரேக்கைத் தேட ஆரம்பித்துவிட்டது. தியேட்டரில் கதாநாயகன் காரை விரட்டினால் மாஸ்டருக்கு முன்சீட்டில் இருப்பவர் திரும்பி முறைப்பார். வீட்டில் யாராவது குரலை உயர்த்தினால் நாற்காலிக்கு அடியில் தரை அதிரும்.

வாய்க்கு மட்டும் அப்படி ஒரு பிரேக் அமையவில்லை. எல்லா வினையும் அங்கேதான் தொடங்கியது.

நாற்பது தாண்டும்வரை மாஸ்டர் தனிக்கட்டை. லைசென்ஸைப் புதுப்பிக்கக் கண் பரிசோதனை செய்யச் சொன்னார்கள். கண் ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றபோதே, முன்னால் நின்றவர்கள் படித்த எழுத்துகளை எல்லாம் காதால் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டார். அவர் முறை வந்ததும் நர்சம்மா அட்டையை மாற்றிவிட்டாள். மாஸ்டர் அது தெரியாமல் பழைய அட்டையைக் கடைசி வரிவரை கணீரென்று ஒப்பித்தார். நர்சம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து அறை டாக்டர் எட்டிப் பார்த்தார். மாஸ்டருக்கு அன்றைக்குக் கண்ணாடி கிடைத்தது. சில மாதம் கழித்து நர்சம்மாவும் கிடைத்தாள்.

நர்சம்மாவின் முதல் கணவர் இறந்து வருஷங்கள் ஆகியிருந்தன. பதினாலு வயதில் ஒரு பெண் இருந்தாள், பாப்பா என்று கூப்பிடுவார்கள். சொந்த வீடும் இருந்தது. முதல் கணவர் ஆசை ஆசையாகக் கட்டி, கட்டும்போதே மனைவி பேரில் எழுதிவைத்த வீடு. கீழே இரண்டு அறை, மாடியில் ஒன்று, ஹாலில் அவருடைய பெரிய போட்டோ. ஒரே ஒரு பெட்டியோடு மாஸ்டர் அந்த வீட்டுக்குள் வந்தார். நர்சம்மா எல்லோரிடமும் "இவர்தான் எங்க வீட்டுக்காரர்" என்று அறிமுகப்படுத்தும்போது மட்டும் அவருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். வீட்டுக்காரரின் பேரில் அந்த வீட்டில் ஒரு செங்கல்கூடக் கிடையாதே!

வந்த முதல் வாரம். பாப்பா குளித்துவிட்டு விளக்கை அணைக்காமல் வெளியே வந்தாள். கொஞ்சம் அதிகாரமாக நடந்துகொண்டால்தான் அப்பா மாதிரி இருக்கும் என்று மாஸ்டருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லா வீட்டு அப்பாக்களும் சொல்கிற அதே வசனத்தை எடுத்துவிட்டார்.

"லைட்டை யாரு அணைப்பா? உங்கப்பன் வீட்டுக் கரண்டா?"

பாப்பா நின்றாள். தலையில் துண்டோடு ஹாலில் மாட்டியிருந்த போட்டோவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மாஸ்டரைப் பார்த்தாள்.

"ஆமா. எங்கப்பா வீட்டுக் கரண்டுதான்."

மாஸ்டரின் கால் தரையை ஓங்கி மிதித்தது. என்ன பிரயோஜனம்? வண்டி ஏற்கெனவே சுவரில் மோதியாயிற்று.

அன்றிலிருந்து பதினைந்து வருஷம் இருவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. சண்டை என்று ஒன்றும் இல்லை. ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். ஒரே டிவியைப் பார்த்தார்கள். பேச்சு மட்டும் நர்சம்மா வழியாகப் போய் வந்தது. "அவர்கிட்ட உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லும்மா" என்பாள் பாப்பா, உப்பு மாஸ்டரின் முழங்கையை இடித்துக்கொண்டிருக்கும். "உன் பொண்ணு குடையை எடுத்துக்கிட்டாளான்னு கேளு" என்பார் மாஸ்டர், பாப்பா அவர் எதிரிலேயே குடையை விரித்துக்கொண்டிருப்பாள். முதலில் அது கோபமாக இருந்தது. பிறகு வெட்கமானது. அதற்கும் பிறகு, பல் தேய்ப்பதுபோல, ஏன் என்று யாரும் கேட்காத வழக்கமாகிவிட்டது.

பாப்பா வளர்ந்து வேலைக்குப் போனாள். அதுவும் என்ன வேலை? பெரிய பஸ் நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்லும் வேலை. நாள் முழுக்க முன்பின் தெரியாத ஆயிரம் பேரிடம் பேசுகிறவள், வீட்டில் ஒரே ஒரு மனுஷனிடம் பேசமாட்டாள்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து, காலை நீட்டி உட்கார்ந்து டீ கேட்ட நர்சம்மா, டீ வருவதற்குள் போய்விட்டாள். இதயம் என்றார்கள். ஊருக்கெல்லாம் ரத்த அழுத்தம் பார்த்தவள் தன்னுடையதைப் பார்த்துக்கொள்ளவே இல்லை. உயில் விஷயமும் அதே கதைதான். "எழுதிடலாம், என்ன அவசரம், நான் என்ன நாளைக்கேவா போகப்போறேன்?" என்று சிரிப்பாள். அவள் சிரித்தால் எதிரில் இருப்பவர்களும் சிரித்துவிடுவார்கள். பேச்சு அதோடு போய்விடும்.

வந்தவர்கள் எல்லாம் கலைந்துபோன பிறகு வீட்டில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். நடுவில் ஆள் இல்லை.

முதல் இரண்டு நாள் இருவரும் பேசவேயில்லை. மூன்றாம் நாள் பாப்பா சமையலறையில் பிரிட்ஜின் முன்னால் போய் நின்று, பஸ் நிலையக் குரலில், நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: "நாளைக்குக் காலையில தண்ணி வராது."

ஹாலில் உட்கார்ந்திருந்த மாஸ்டர் எழுந்துபோய்க் குடம், வாளி, சொம்பு என்று கையில் அகப்பட்டதை எல்லாம் நிரப்பினார். சாயங்காலம் அவரும் பிரிட்ஜிடம் போனார். "பால் வாங்கி வெச்சாச்சு." இப்படியாக அந்தப் பிரிட்ஜ் குடும்பத்தில் ஓர் ஆளாகிவிட்டது. ஒரு தடவை கேஸ் ஆள் வந்திருந்தபோது, மாஸ்டர் பிரிட்ஜைப் பார்த்து "சிலிண்டர் மாத்தணுமான்னு கேக்கறாரு" என்று சொல்ல, உள்ளேயிருந்து "ஆமா" என்று குரல் வர, அந்த ஆள் பிரிட்ஜைச் சுற்றி ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

பிறகுதான் வக்கீல் கூப்பிட்டு அனுப்பினார். இருவரையும் எதிரே உட்காரவைத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"உயில் இல்ல. அதனால சட்டப்படி வீடு கணவருக்குப் பாதி, பொண்ணுக்குப் பாதி."

மேஜைக்கு அடியில் தொம் என்று ஒரு சத்தம். வக்கீலின் டீ தளும்பியது.

"எனக்கா? எனக்கு எதுக்கு சார் பாதி?"

"நான் குடுக்கல. சட்டம் குடுக்குது."

பாப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அப்பா கட்டிய வீட்டில், அப்பாவின் போட்டோ மாட்டிய சுவரில், பாதி இனி மாஸ்டருடையது. எந்தப் பாதி என்று யோசித்துப் பார்த்தபோது அவளுக்கு வயிறு எரிந்தது.

மாஸ்டருக்கோ வேறு வேதனை. பதினைந்து வருஷம் பேருக்கு வீட்டுக்காரராக இருந்துவிட்டு, இப்போது நிஜமாகவே பாதி வீட்டுக்காரர் ஆகியிருக்கிறார். "எங்க வீட்டுக்காரர்" என்று சொல்வதற்கு ஆளில்லாமல் போன பிறகு!

இந்த நேரம் பார்த்து அத்தை வந்து இறங்கினாள். பாப்பாவின் அப்பாவுக்குக் கூடப்பிறந்த தங்கை. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. கெட்டவள் இல்லை, ஆனால் எந்த விஷயமும் காரம் சேர்க்காமல் அவள் வாயைவிட்டு வெளியே வராது.

"எங்கண்ணன் கட்டின வீட்டுல பாதி, ஊர்க்காரங்களுக்குக் காரோட்டச் சொல்லிக்குடுக்கறவருக்கா? நான் விடமாட்டேன்" என்று ஹாலில் நின்று சபதம் போட்டாள். பிறகு பெருந்தன்மையாக, "நீங்க ரெண்டு பேரும்தான் பேசிக்கமாட்டீங்களே, நான் நடுவுல இருந்து முடிச்சுவைக்கிறேன்" என்றாள்.

மாஸ்டர் நிம்மதியாக மூச்சு விட்டார். பிரிட்ஜைவிட அத்தை மேல் என்று நினைத்தார். அது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போது தெரியவில்லை.

"பாப்பாகிட்ட சொல்லுங்கம்மா, எனக்குப் பாதியும் வேணாம், கால்வாசியும் வேணாம். வீடு முழுக்க அவளுக்கே இருக்கட்டும்."

அத்தை மாடிக்குப் போனாள். "வீட்டை நீயே கட்டிக்கிட்டு அழுவாம்."

பாப்பாவின் முகம் சிவந்தது. ஆனாலும் அம்மா வளர்த்த பெண். "யாரும் எனக்குப் பிச்சை போட வேணாம். அவரு பாதி அவருக்கு. இங்கயே இருக்கட்டும், எங்கயும் போகவேணாம்னு சொல்லுங்க அத்தை."

அத்தை கீழே இறங்கி வந்தாள். "இருந்து தொலையட்டுமாம்."

மாஸ்டர் மறுநாள் காலையில் பெட்டியைக் கட்டினார். வந்தபோது கொண்டுவந்த அதே அளவு சாமான்தான் இருந்தது. பிரிட்ஜிடம் கதவைப் பூட்டிக்கொள்ளும்படி சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

டிரைவிங் ஸ்கூலின் அலுவலகம் ஒரே ஒரு அறை. கற்றுக்கொள்பவர்கள் உட்காரும் பெஞ்சுதான் கட்டில். எதிர்ச் சுவரில் சாலைக் குறிகளின் படம். காலையில் கண்ணைத் திறந்தால் "நுழையக் கூடாது", "திரும்பக் கூடாது", "நிறுத்தக் கூடாது" என்று வரிசையாக அவரைப் பார்த்துச் சொல்லும். மனுஷனுக்கு இதைவிட வெளிப்படையாக ஒரு சுவர் என்னதான் சொல்லமுடியும்?

அந்த வாரம் வகுப்புக்கு வந்தவர்கள் பாடு திண்டாட்டமானது. மாஸ்டர் யோசனையிலேயே பிரேக் போட்டுக்கொண்டிருந்தார். காலி மைதானத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் ஓர் ஆடு மாடு இல்லாத இடத்தில், வண்டி ஐந்து அடிக்கு ஒரு தடவை குலுங்கி நின்றது. கல்யாணமாகிப் போகும் முன் கற்றுக்கொள்ள வந்த ஒரு பெண், "மாஸ்டர், நான் எதுவும் தப்பா பண்ணலையே?" என்று அழுதேவிட்டாள்.

"நீ ஒண்ணும் பண்ணலம்மா. நான் எப்பவோ பண்ணது."

பாப்பா வீட்டில் தனியாக இருந்தாள். இருமல் சத்தம் இல்லை. காலையில் செருப்பைத் தேடுகிற முணுமுணுப்பு இல்லை. தரை அதிரவில்லை. மழை வரும்போல இருந்த ஒரு சாயங்காலம், "துணியை உள்ள எடுக்கணும்" என்று பிரிட்ஜிடம் சொல்லிவிட்டு ஹாலில் போய் உட்கார்ந்தாள். துணி நனைந்து சொட்டிய பிறகுதான், கேட்டுச் செய்ய ஆள் இல்லை என்பது உறைத்தது.

மறுநாள் பஸ் நிலையத்தில் வடக்கே போகிற பஸ்ஸைத் தெற்கே அனுப்பப் பார்த்தாள். நல்லவேளையாக டிரைவருக்கு வழி தெரிந்திருந்தது.

வாரிசுகள் இருவர் பேரையும் பத்திரத்தில் ஏற்றப் பதிவு அலுவலகத்துக்கு நேரில் வரவேண்டும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். பிறகு யார் யாருக்கு எழுதிக்கொடுப்பதானாலும் கொடுத்துக்கொள்ளலாம், ஆனால் முதலில் இது நடக்கவேண்டும். மாஸ்டர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பாப்பா வந்தாள். அத்தை சொல்லவே வேண்டாம், எல்லோருக்கும் முன்னால் வந்து வாசலில் நின்றாள். அங்கேதான் ஒரு நல்ல காரியம் நடந்தது. "சம்பந்தப்பட்டவங்க மட்டும் உள்ள போங்க" என்று காவலாளி அத்தையைத் தடுத்துவிட்டார். "நான் சம்பந்தப்படாம வேற யாரு சம்பந்தப்படுவா?" என்று அவள் வாசலில் வாதாடிக்கொண்டிருக்க, இருவரும் உள்ளே போய் எழுத்தர் முன்னால் உட்கார்ந்தார்கள்.

எழுத்தர் தலையைத் தூக்காமல் பாப்பாவைக் கேட்டார். "இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம்."

"அதைக் கேக்கலம்மா. உறவு என்ன?"

மைக்கில் ஒருநாளும் தடுமாறாதவள் தடுமாறினாள். "எங்கம்மாவோட வீட்டுக்காரர்."

"அப்ப அப்பா."

"அப்பா இல்ல."

எழுத்தர் இப்போது தலையைத் தூக்கினார். மாஸ்டர் பக்கம் திரும்பினார். "சரி, இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"என் மனைவியோட பொண்ணு சார்."

"அப்ப உங்க பொண்ணு."

"அதை நானா சொல்லிக்கக் கூடாது சார்."

எழுத்தர் பேனாவை மூடிவைத்தார். "ஒண்ணு பண்ணுங்க. வெளிய பெஞ்சுல போய் உக்காந்து, ரெண்டு பேரும் யாருன்னு முடிவு பண்ணிட்டு வாங்க."

நீளமான நடையில் ஒரு பெஞ்சு. இரண்டு கோடியில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். அம்மா இல்லை. அத்தை இல்லை. பிரிட்ஜும் இல்லை. மாஸ்டர் எதிரே இருந்த தண்ணீர்க் குழாயைப் பார்த்துப் பேச்சைத் தொடங்கினார்.

"இருந்து தொலையட்டும்னு சொன்ன பிறகு நான் எப்படி இருக்கறது?"

பாப்பா வெடுக்கென்று திரும்பினாள். குழாயைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தாள்.

"நானா? இருக்கட்டும்னுதான் சொன்னேன்! தொலையட்டும்னு எப்ப சொன்னேன்?"

"உங்க அத்தை..."

"நீங்க மட்டும் வீட்டைக் கட்டிக்கிட்டு அழுன்னு சொல்லலாமா?"

"ஐயையோ, வீடு உனக்கே இருக்கட்டும்னேன்!"

இருவரும் ஒரே நேரத்தில் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே அத்தை காவலாளிக்குத் தன் அண்ணன் வீடு கட்டிய வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பதினைந்து வருஷத்தில் முதல்முறையாகத் தாங்கள் நேரடியாகப் பேசிவிட்டது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது.

பிறகு பாப்பா மெதுவாகக் கேட்டாள். "நான் பரீட்சையில பாஸானப்ப, என் சிங்கக்குட்டின்னு சொன்னீங்களாமே? அம்மா சொன்னாங்க."

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். பொய் சொல்ல வரவில்லை. "நான் 'பாஸாயிட்டாளா, பரவாயில்லையே'ன்னுதான் சொன்னேன்."

"சிங்கக்குட்டி?"

"சிங்கம்லாம் நான் சொல்லல."

பாப்பாவின் முகத்தில் என்னவோ ஓடியது. மாஸ்டருக்குச் சட்டென்று ஒரு சந்தேகம் வந்தது. "எனக்கு இருமல் வந்து படுத்திருந்தப்ப, நீ கவலையில ராத்திரியெல்லாம் தூங்கலன்னா உங்கம்மா. நெசமா?"

"இருமல் சத்தத்துல தூங்க முடியலன்னு சொன்னேன்."

"என் சட்டைக் கலர் எனக்கு ரொம்ப எடுப்பா இருக்குன்னு?"

"பஸ்ஸுக்கு அடிக்கிற கலர்னு சொன்னேன். அப்ப, நான் கோவிச்சுக்கிட்டு சாப்பிடாம இருந்தப்ப, நீங்களும் சாப்பிடலையாமே?"

"எனக்கு அன்னிக்கு வயித்துப்போக்கு."

முதலில் சிரித்தது யார் என்று பிறகு இருவரும் அடித்துக்கொண்டார்கள். மாஸ்டர் சிரித்ததில் கண்ணாடி நழுவி மடியில் விழுந்தது. பாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சிலேயே சரிந்தாள். எழுத்தர் எட்டிப் பார்த்து, "இங்க சிரிக்கறவங்களை நான் பார்த்ததேயில்ல" என்றார். சிரிப்பு நடுவிலேயே எங்கோ அழுகையாக மாறிவிட்டது. நர்சம்மா போனதிலிருந்து ஒருவர் எதிரில் ஒருவர் அழாமல் அடக்கி வைத்திருந்தது அது. இத்தனை வருஷம் தன்மேல் பிரியமாக ஓர் ஆள் அந்த வீட்டில் இருப்பதாக இருவருமே நம்பி வாழ்ந்திருக்கிறார்கள். எல்லாம் நர்சம்மா வாயில் பிறந்த பிரியம்.

மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "பரவாயில்லையேன்னு சொல்லும்போது, மனசுக்குள்ள அதுக்கு மேலயே இருந்தது. சிங்கம் அளவுக்கு இல்லன்னாலும்."

"இருமலுக்கு நானும் அம்மாவை மருந்து குடுக்கச் சொன்னேன். தூக்கத்துக்காகத்தான். ஆனா சொன்னேன்."

"சரி, இப்ப உள்ள போய் என் பாதியை உனக்கு எழுதிக்குடுக்கறேன்னு சொல்லிடறேன்."

"வேணாம்."

"உங்கப்பா கட்டின வீடும்மா."

"எங்கம்மா வெச்சிருந்த வீடு. அவங்க உயில் எழுதியிருந்தாலும் என்ன எழுதியிருப்பாங்கன்னு நினைக்கறீங்க? நம்ம ரெண்டு பேரையும் ஒரே வீட்டுல கட்டிப்போட்டுட்டுத்தான் போயிருப்பாங்க." பாப்பா எழுந்தாள். "பெட்டியை எடுத்துக்கிட்டு வாங்க. அன்னிக்கு மழையில துணியெல்லாம் நனைஞ்சுபோச்சு."

எழுத்தர் முன்னால் மறுபடி உட்கார்ந்தார்கள். முடிவு பண்ணியாச்சா என்று அவர் கேட்டார். பாப்பா யோசித்து, "மாஸ்டர்னு போட்டுக்கங்க" என்றாள். அப்படி ஓர் உறவு எங்கேயும் கிடையாது என்று சொல்லிவிட்டு, அவரே "தாயின் கணவர்" என்று எழுதிக்கொண்டார். அப்படி எழுத வழி இருப்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவர் சொல்லாததில் இருவருக்கும் வருத்தம் ஒன்றும் இல்லை.

வீடு இருவர் பேரிலும் பதிவானது. மாஸ்டர் திரும்பி வந்த பிறகு வீட்டில் நிம்மதி நிலவியது என்று சொன்னால் அது பச்சைப் பொய். பதினைந்து வருஷம் பேசாமல் மிச்சம் பிடித்த பேச்சு எல்லாவற்றையும் இருவரும் ஒரே மாதத்தில் செலவழித்தார்கள். நர்சம்மா இருந்தவரை சர்க்கரை தடவி வந்ததெல்லாம் இப்போது தோலோடு வந்தது. அந்தச் சட்டையைத் தூக்கிப் போடுங்கள் என்று பாப்பா முகத்துக்கு நேரே சொன்னாள். மாடியில் ராத்திரி நேரத்தில் நாற்காலியை இழுக்காதே என்று மாஸ்டரும் முகத்துக்கு நேரே சொன்னார்.

வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் பேச்சு வந்தபோது தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. மாஸ்டருக்கு வெள்ளைதான் வேண்டும். வெள்ளையடித்தால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் என்று பாப்பா நீலம் கேட்டாள். "பாதி எம்பேர்ல இருக்கு!" என்று மாஸ்டர் கத்தினார். "அப்ப உங்க பாதிக்கு மட்டும் அடிச்சுக்குங்க!" என்று பாப்பா கத்தினாள். பெயிண்டர் இரண்டு டப்பாவையும் திறந்து வைத்துக்கொண்டு, யார் ஜெயிக்கிறார்கள் என்று காத்திருந்தார். சத்தம் கேட்டு அத்தை ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள்.

"ஏன் இப்படி அடிச்சுக்கறீங்க? நான் நடுவுல இருந்து..."

"வேணாம்!" என்றார்கள் இருவரும்.

கடைசியில் பெயிண்டர் இரண்டு டப்பாவையும் ஒன்றாகக் கலந்து அடித்துவிட்டுப் போனார். அந்த நிறம் இருவருக்குமே பிடிக்கவில்லை. உன்னால்தான் என்று அவர் அவளையும், உங்களால்தான் என்று அவள் அவரையும் இன்றைக்குவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.